பெரியாஸ்பத்திரி கங்கம்மா

கோரைத்திட்டில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ஆறு கட்டில். ஆனாலும் அதற்குப் பெயர் பெரியாஸ்பத்திரி. அப்படியானால் சின்ன ஆஸ்பத்திரி எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே ஆயா வேலை பார்க்கிற கங்கம்மா பக்கத்தில் இருந்தால் சும்மா விடமாட்டாள்.

"அது உங்க ஊர்ல கீதே, பத்து மாடி, லிப்டு வச்சி, அதான் சின்னது. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆளு பூட்டான்னா, அது எம்மாம் பெருசா இருந்தா இன்னா?"

பழவேற்காடு ஏரிக்கு நடுவே கிடக்கிற மணல் திட்டு எங்களுடையது. மூன்று குடியிருப்பு, ஒரு கோயில், ஒரு சர்ச்சு. தெற்கே பார்த்தால் அத்திப்பட்டு மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். அங்கே காய்ச்சுகிற கரண்டு எங்களுக்குப் பாதி நாள் வராது. சுனாமிக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜெனரேட்டர் கொடுத்தார்கள். அதை ஓட்டுகிற வேலை எனக்கு. அதனால்தான் நான் சொல்லப்போகிற அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

ஏரி ஆழம் கிடையாது. தண்ணீர் இறங்கிவிட்டால் படகு கரைக்கு வராமல் சேற்றிலேயே நின்றுவிடும். பிரசவ வலியோடு ஒருத்தி உள்ளே கிடந்தால் படகோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் கரையேற்ற வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதை அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை ஓடி வரவேண்டும். யாருக்காக என்று கேட்கக்கூடாது. அடிக்கிற வேலை ஆயாவுடையது. அந்தக் கம்பியை எடுக்க வேறு யாரும் துணிய மாட்டார்கள், எடுத்தால் கங்கம்மா கையை ஒடிப்பாள்.

கங்கம்மா ஆரம்பாக்கத்துப் பெண். அப்பன் ஆத்தா நாற்று நட்டவர்கள். எங்கள் காலனி சாலமோனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவள் வீட்டார் கோயிலில் தாலி கட்டினால்தான் பெண் என்றார்கள், அவன் வீட்டார் சர்ச்சில் மோதிரம் மாற்றினால்தான் மருமகள் என்றார்கள். "ரெண்டு தபா கல்யாணம் பண்ணிகினவ நானு. ஆனா ஆளு ஒர்த்தன்தான், அதான் பேஜாரு" என்பாள். வந்த புதிதில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடித்தாள். ஆஸ்பத்திரி கட்டும்போது சித்தாளாக மணல் சுமந்தாள். கட்டி முடித்து மேஸ்திரி கிளம்பினான், இவள் கிளம்பவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பிறகுதான் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

சாலமோன் மின் நிலையத்துச் சாம்பல் அள்ளும் ஒப்பந்தக் கூலி. ஒப்பந்தம் இல்லாத மாதங்களில் நண்டு வலை கட்டுவான். அங்கேதான் வம்பு வந்தது.

ஏரியில் இறால் வரத்து உள்ள இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று மீன்காரக் குடும்பங்கள் தங்களுக்குள் முறை வைத்திருக்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். தலைவர் பாடு மாறுது என்று குரல் கொடுத்தால், வலையில் மீன் குதித்துக்கொண்டிருந்தாலும் தூக்கிவிட வேண்டும். அடுத்தவன் வரவில்லையா, அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கவேண்டியதுதான். அடுத்தவன் பாட்டில் கை வைப்பது திருட்டு. காலனிக்காரர்களான எங்களுக்குப் பாடு கிடையாது.

நான் சொல்கிற நாளுக்கு முந்தின மாதம், புரட்டாசியில், மீன்கார மணவாளன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு தன் பாடு நாளில் வலை போட வரவில்லை. தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று சாலமோன் வலை போட்டான். பிடிபட்டான். ஊர்க்கட்டு விழுந்தது. அவன் பிடிக்கிறதை யாரும் வாங்கக்கூடாது, படகில் ஏற்றக்கூடாது, அவனோடும் அவன் பெண்டாட்டியோடும் பேசக்கூடாது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருக்க முடியுமா? மணவாளனுக்கு முழங்காலில் மீன் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. கட்டு மாற்ற வருவான். கங்கம்மாவோடு பேசக்கூடாதல்லவா, சுவரைப் பார்த்துச் சொல்வான்.

"பஞ்சு ரொம்ப இறுக்கமா கீது."

கங்கம்மாவும் அதே சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். "சுவரே, காலை ஆட்டாம குந்துனா இறுக்காதுன்னு அந்தாளுகிட்ட சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

நர்சு ஸ்நேகா வாயைப் பொத்திக்கொண்டு மருந்து அறைக்குள் ஓடுவாள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் ஐப்பசி அது. கடலில் தாழ்வு மண்டலம். முந்தின நாளிலிருந்தே வடகாற்று. படகுகளையெல்லாம் மேட்டில் இழுத்துக் கட்டியிருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் பழவேற்காட்டிலிருந்து வருகிற டாக்டர் சிஃபா திரும்பிப் போக முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார். இறால் வாங்க வந்த வியாபாரி அசன் முகைதீனும் ஐஸ் பெட்டிகளோடு மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி போன் செத்துக் கிடந்தது.

காலையில் சாலமோன் சவுக்குத் தோப்புக்கு விறகு பொறுக்கப் போனான். நாஷ்டா நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். கங்கம்மா உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம் காயட்டும், அங்கயே நில்லு" என்றாள் தலையைத் தூக்காமல்.

"கங்கா, காலுல கடிச்சிடிச்சி. படம் எடுத்துச்சி, பாத்தேன். நல்ல பாம்பு."

அவள் துடைப்பத்தைப் போட்ட சத்தம் ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்த எனக்குக் கேட்டது.

டாக்டர் உடனே மருந்தைக் கரைத்து ஏற்றினார். ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருந்தது, கெடாமல் இருந்தது, கொடுக்கத் தெரிந்த ஆளும் இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனாலும் விஷம் முந்திக்கொண்டது. முதலில் அவன் கண் இமைகள் இறங்கின. தூக்கம் வருதா என்று கங்கம்மா கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், நாக்குப் புரளவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்குவது சிறுத்துக்கொண்டே போனது.

டாக்டர் அவன் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கினார். குழாயின் முனையில் பலூன் மாதிரி ஒரு ரப்பர் பையை மாட்டி அமுக்கினார். நெஞ்சு தூக்கிக் கொடுத்தது. விட்டார், இறங்கியது.

"பட்டணத்து ஆஸ்பத்திரியில இதுக்கு மெஷின் இருக்கு. இங்க கைதான் மெஷின்" என்றார். "மருந்து வேல செய்யும், ஆனா நேரம் எடுக்கும். மத்தியானம் ஆகலாம், பொழுது சாயலாம், விடியலாம். அதுவரைக்கும் இவருக்காக நாமதான் மூச்சு விடணும். பை நின்னா மூச்சு நிக்கும்."

டாக்டரும் ஸ்நேகாவும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். நானும் அமுக்கினேன். பார்க்கத்தான் ரப்பர் பை. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் மரத்து, முன்கை கல்லாகிவிடும். கங்கம்மா வாங்கி அமுக்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"கங்கம்மாக்கா, ரொம்ப வேகம். காத்து வெளிய வர்றதுக்குள்ள அடுத்ததை உள்ள தள்றீங்க. நெஞ்சு வெடிச்சிடும்."

"மெதுவாத்தாம்மா அமுக்கறேன்."

"இல்ல. சொந்தக்காரங்க கை அப்படித்தான். நீங்க நகருங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. பையை டாக்டர் கையில் விட்டுவிட்டு வெளியே போனாள். தண்டவாளத்தின் கீழே கம்பியோடு நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். ஊர்க்கட்டு விழுந்த வீடு அது. அடித்து ஒருத்தரும் வராவிட்டால்? நின்றாள். அப்புறம் அடித்தாள். அப்படி அடித்ததை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை.

வந்தார்கள். கழியும் கயிறுமாக, மழையில் நனைந்துகொண்டு, படகு தூக்கத் தயாராக வந்தார்கள்.

"படகு எங்க?" என்றான் முன்னால் வந்தவன், ஸ்நேகாவைப் பார்த்து.

"படகு இல்ல. உள்ள வாங்க" என்றாள் ஸ்நேகா.

கட்டிலில் கிடப்பது யார் என்று பார்த்ததும் அறை அமைதியானது. பை மட்டும் உஸ் உஸ் என்றது.

"இவனுக்காக் கூப்டாங்க?" என்றான் மணவாளன். "என் பாட்டுல வல போட்ட திருட்டுப்பய. கட்டு போட்ட ஆளுக்கு..."

"மெதுவா பேசுங்க" என்றார் டாக்டர், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவருக்கு கண்ணைத் திறக்க முடியல, கை கால அசைக்க முடியல. அவ்ளோதான். காது நல்லா கேக்குது. புத்தியும் தெளிவா இருக்கு. நீங்க பேசறது எல்லாம் கேட்டுக்கினுதான் படுத்திருக்காரு."

மணவாளன் பின்னால் நகர்ந்தான். செத்தவன் போலக் கிடக்கிறவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றதும் எல்லோருக்குமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

ஊர்த்தலைவர் அருணாச்சலம் தொண்டையைச் செருமினார். "மணி அடிச்சா யாருக்குன்னு கேக்கறது இல்ல. இன்னிக்குக் கேட்டா, நாளைக்கு உன் ஊட்டுக்கு அடிக்கும்போதும் கேப்பாங்க. இன்னா செய்யணும் டாக்டரம்மா?"

டாக்டர் காட்டிக்கொடுத்தார். நீங்கள் ஒரு மூச்சு விடும்போது ஒரு அமுக்கு என்றார். கேட்க சுலபமாக இருந்தது. ஆனால் முழுகிப் பழகின ஆட்களுக்கு மூச்சு ஒரு யுகத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. அசன் முகைதீனுக்கோ பீடி இளைப்பு, நாய் ஓடிவந்த மாதிரி வருகிறது.

"பாய், உங்க மூச்சு வேணாம், என் கையைப் பாத்து அமுக்குங்க" என்றார் டாக்டர்.

"நம்ம மூச்சே நமக்குச் சரியில்லம்மா, அடுத்தவனுக்கு எங்க?" என்றார் பாய்.

யார் முதலில், யார் பிறகு என்று தள்ளுமுள்ளு வந்தது. அருணாச்சலம் அதட்டினார். "சந்தையாடா இது? பாடு வரிசையில வாங்க. நான் குரல் குடுத்தா மாறணும்."

சண்டை வராமல் ஒரு வேலையைப் பங்கு போட அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. உடனே வரிசை நின்றது. பாடு இல்லாத காலனிக்காரர்கள் நாங்கள் தானாகவே வெளியே போய்த் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். சாலமோனின் தம்பி மோசஸும் எங்களோடு நின்றான். அண்ணனைத் தொட அவனுக்கும் முறை கிடைக்கவில்லை. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. டாக்டருக்குக் கை கிடைத்தால் போதும். கங்கம்மா வாசற்படியில் நிறுத்தப்பட்டிருந்தாள். அவள் வரிசையைப் பார்க்கவில்லை. புருஷன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. அருணாச்சலம் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், "பாடு மாறுது" என்பார், ஒருவன் கையை எடுப்பான், நின்றுகொண்டிருந்த அடுத்தவன் பிடித்துக்கொள்வான். மணவாளன் முறை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அமுக்கினான், ஆனால் ஒழுங்காக அமுக்கினான். டாக்டர் அடுத்த ஊசி போட மருந்து அறைக்குள் போனார். ஸ்நேகா தீர்ந்துபோன சொட்டு மருந்து பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ படகு கயிறு அறுந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. அடுத்து நிற்க வேண்டிய தேசப்பன், அது தன் படகு என்று ஓடினான்.

"பாடு மாறுது" என்றார் அருணாச்சலம்.

மணவாளன் கையை எடுத்தான்.

தேசப்பன் இல்லை.

"தேசப்பா!" என்றார் அருணாச்சலம் வாசலைப் பார்த்து. "எங்கடா பூட்டான்? தேசப்பா!"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அறையில் அத்தனை ஆண்கள். கைக்கெட்டும் தூரத்தில் பை. ஒருத்தனும் தொடவில்லை. அது தேசப்பன் பாடு. மணவாளன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வஞ்சம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். குரல் கேட்டால் கையை எடுப்பதும், அடுத்தவன் முறையைத் தொடாமல் இருப்பதும் பிள்ளை வயதிலிருந்தே உடம்பில் ஊறிப்போனது. நான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு அப்போதுதான் நுழைந்தேன். என்னமோ குறைகிறதே என்று தோன்றியது. குறைந்தது அந்த உஸ் சத்தம்.

கங்கம்மா சத்தத்தைக் கேட்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு இறங்கியது, ஏறவில்லை. வாசலிலிருந்து கட்டிலுக்கு எப்படி வந்தாள் என்று தெரியாது. பெஞ்சு கவிழ்ந்தது, அருணாச்சலம் தரையில் கிடந்தார். அவள் பையைப் பிடித்து அமுக்கினாள்.

"டேய்! ஏரியாடா இது? மனுசன்டா!"

சாலமோனின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் ஓடி வந்தார். குழாயைப் பார்த்தார், நெஞ்சில் காதுக்குழலை வைத்தார். கங்கம்மாவை நகரச் சொல்லவில்லை. "மெதுவா. என் கையைப் பாருங்க. இப்போ. விடுங்க. இப்போ." கங்கம்மா டாக்டர் கையைப் பார்த்தாள். இந்தத் தடவை வேகம் போகவில்லை. நீலம் மெல்ல மெல்ல விட்டது.

தேசப்பன் நனைந்தபடி உள்ளே வந்து, "என் பாடா?" என்றான். அவனை அடிக்க நாலு பேர் கை ஓங்கினார்கள்.

"அவன இன்னாத்துக்கு அடிக்கறீங்க?" என்றாள் கங்கம்மா, அமுக்கிக்கொண்டே. "கேளுங்க எல்லாரும். இங்க பாடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அடுத்த கை பை மேல வந்து விழணும், அப்பால்தான் இந்தக் கை எழுந்திருக்கணும். வர்லன்னா கை ஒடியற வரைக்கும் அமுக்கு. ஒடிஞ்சா நான் கட்டு போடறேன், அதான என் வேல. மோசஸு! வெளிய நின்னுகினு இன்னா மழைய எண்றியா? உள்ள வா. சைதா, நீயும் வா, பாய் பொண்டாட்டி மாவு பெசையற கை, நல்லா அமுக்குவ."

அசன் முகைதீன் வீட்டு சைதா அந்தத் தடவை புருஷனோடு வந்து மாட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் இத்தனை பேர் இருக்கிற அறைக்குள் வரத் தயங்கினார். பாய், "போம்மா, உயிர் விசயம்" என்றார்.

எல்லோரும் அருணாச்சலத்தைப் பார்த்தார்கள். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "பாத்துகினு நிக்கறீங்களே, அந்தம்மா சொல்றத செய்யுங்கடா" என்றார். அப்புறம் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு வரிசை கலந்துபோனது. மீன்காரனுக்குப் பின்னால் காலனிக்காரன், அவனுக்குப் பின்னால் சைதா, அவருக்குப் பின்னால் மணவாளன். கைமேல் கை விழுந்தது.

மத்தியானம் தாண்டிக் காற்று கொஞ்சம் தணிந்தது. அதோடு வேறு பிரச்சினை வந்தது. அசன் முகைதீன் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என் எஞ்சின் படகு போவும்னு நெனைக்கறேன். ஐஸ் பெட்டிய இறக்கிட்டா மனுசன நீட்டிப் படுக்க வைக்கலாம். பழவேற்காடு போய் வண்டி புடிச்சா பொன்னேரி, அப்பால மெட்ராஸு."

மோசஸ் துள்ளினான். "போலாம் அண்ணி! மெஷின் கீற எடத்துக்குப் போலாம்."

கங்கம்மா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நெற்றியைத் துடைத்தார். இளவயசு, முந்தின இரவும் தூங்கவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. மெஷின் இருந்தா நல்லதுதான். ஆனா தண்ணியில ஆட்டம் இருக்கும், குழாய் நழுவலாம். நழுவினா அந்த ஆட்டத்துல என்னால திரும்பப் போட முடியுமான்னு தெரியல. இங்கயே இருந்தா, மருந்து கேக்கற வரைக்கும் கை ஓயாம இருக்கணும். எது பண்ணாலும் நான் கூட இருப்பேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்லு அண்ணி! காத்து திரும்பவும் ஏறிடும்!"

கங்கம்மா கட்டிலருகே குனிந்தாள். "யோவ். கேட்டுகினுதான கீற? போலாம்னா கால் கட்டவிரல கொஞ்சம் ஆட்டு."

அத்தனை பேரும் அவன் கால் விரலைப் பார்த்தோம். கல் போல இருந்தது.

"ஆட்டல" என்றாள். "வழக்கமா எதுக்கும் வாய் தொறக்காத ஆளு, இன்னிக்கும் என் தலையிலயே கட்டிட்டான்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "படகுல ஏறினா நாலு கை. கை ஓஞ்சா நடுத்தண்ணியில யார கூப்டறது? இங்க ஊரே கையா நிக்குது. போவல."

"அண்ணன சாவடிச்சிடாத!" மோசஸ் கத்தினான். "ஆறு கட்டிலு, ஒரு லைட்டு, இது ஒரு ஆஸ்பத்திரின்னு..."

கங்கம்மா அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். "இதான்டா ஆஸ்பத்திரி. காலைலர்ந்து உங்கண்ணன் இதுலதான்டா மூச்சு உட்டுகினு கீறான். போ, உன் கை வருது."

மோசஸ் அழுதுகொண்டே போய்ப் பையைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் காற்று மறுபடி ஏறியது. ஏரி வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. அவள் முடிவு செய்யும்போது அது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. அமுக்கு, விடு. அமுக்கு, விடு. டாக்டர் அவன் இமையைத் தூக்கிப் பார்ப்பார், விட்டதும் அது இறங்கிவிடும். நடுவில் மழைத்தண்ணீர் டீசலில் இறங்கி ஜெனரேட்டர் இருமிக்கொண்டு நின்றது. விளக்குப் போயிற்று. பைக்குக் கரண்டு வேண்டாம், ஆனால் நெஞ்சு தெரிய வேண்டுமே. ஜன்னல்களைத் திறந்து, மழை உள்ளே அடிக்காமல் ஆட்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மீன் வலையைப் பிழிந்த கைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. அருணாச்சலம் வயசானவர், ஆனாலும் விடவில்லை. சைதா வந்து அவர் கையின் மேல் கையை வைத்து வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய ஆரம்பித்தபோது பை மணவாளன் கையில் இருந்தது. அவன்தான் சொன்னான்.

"டாக்டரம்மா, பை எதுத்துத் தள்ளுதே. அமுக்க உடமாட்டேங்குது."

டாக்டர் பாய்ந்து வந்தார். "சாலமோன், புருவத்தைத் தூக்குங்க."

நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. நூல் மாதிரி. கங்கம்மா பார்த்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் தூக்குங்க. என் விரலைப் பிடிங்க. பிடிங்க."

பிடித்தான். டாக்டர் உடனே ஒன்றும் செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று எங்களை அமுக்க வைத்தார். தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார். முதலில் முடியவில்லை. பிறகு தூக்கினான். அப்போது அசன் முகைதீன் பையைப் பிடித்திருந்தார்.

"பாய், நிறுத்துங்க. கையைப் பை மேலயே வச்சிருங்க, அமுக்காதீங்க."

பாய் நிறுத்தினார். அவர் இளைப்பும் சேர்ந்து நின்றது. நெஞ்சு கீழே இருந்தது. கீழேயே இருந்தது. ஜன்னலில் முதுகைக் காட்டி நின்றவர்கள்கூடக் கட்டில் பக்கம் நகர்ந்துவிட்டார்கள், மழை உள்ளே அடித்தது. பிறகு நெஞ்சு ஏறியது. கோணலாக, பாதி தூரம். இறங்கியது. மறுபடி ஏறியது.

"அல்லா" என்றார் பாய், இருமினார்.

குழாயை எடுக்க இன்னும் நேரம் பிடித்தது. எடுத்ததும் சாலமோன் வாந்தி எடுத்தான், கண்ணைப் பாதி திறந்தான், தொண்டை கிழிந்த குரலில் ஏதோ சொன்னான். கங்கம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இன்னா சொல்றான்?" என்றார் அருணாச்சலம்.

"மணவாளன் திருட்டுப்பயன்னு சொன்னது கேட்டுச்சாம்."

அறையே சிரித்தது. மணவாளன் சிரிக்கவில்லை.

பல நாள் கழித்துச் சாலமோன் என்னிடம் அந்த இடைவெளியைப் பற்றிச் சொன்னான். பாடு மாறுது என்ற குரல் கேட்டது, கை விலகியது தெரிந்தது, தேசப்பா தேசப்பா என்று கூப்பிடுவது கேட்டது. "நான் இங்க கீறேன்டான்னு கத்தணும்னு பாக்கறேன். ஒரு முடி அசையல. அப்போ நெனச்சேன், இவங்க தப்பா ஒண்ணும் பண்ணல, அவங்க முறைப்படிதான் என்ன சாவடிக்கறாங்கன்னு."

அன்றைக்கு ஆட்கள் கலைந்தபோது ஆஸ்பத்திரித் தரை முழுக்கச் சேறு. கங்கம்மா கஞ்சி காய்ச்சி, நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். மணவாளன் மட்டும் குடிக்காமல் வாசலில் நின்றான். கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கு என்னவோ சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு மாதிரி வெளியே வந்தது.

"பாரு கங்கம்மா, கட்டு கட்டுதான். அது ஊர் சொன்னது. அத நான் ஒர்த்தன் அவுக்க முடியாது."

சுவரைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நான் அவுக்கச் சொன்னேனா?" என்றாள் அவள். "அவரு இன்னும் கொஞ்ச நாளு ஏரிப் பக்கம் போவ மாட்டாரு, நீ பயப்படாத. காலைக் காட்டு, சேத்துல நின்னு கட்டு நனைஞ்சி கீது. அத மாத்திட்டு கஞ்சி குடிச்சிட்டுப் போ. ராத்திரிக்கு ரெண்டு ஆள அனுப்பு. மூச்சு திரும்ப மக்கர் பண்ணுச்சுன்னா கை வேணும்னு டாக்டரம்மா சொல்லிச்சு."

"நானே வரேன்" என்றான் மணவாளன்.

"வா. ஆனா காலைக் கழுவிட்டு வா" என்றாள் கங்கம்மா, பஞ்சை எடுக்க உள்ளே போனாள்.